புதுச்சேரி: மக்களும் பிழைப்பும்

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 12,47,953. அதில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் புதுச்சேரிப் பகுதியில் இருக்கிறார்கள். மிச்சப் பேர் காரைக்கால், மாகே, ஏனாமில்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊருக்குச் சோறு போட்டவை பஞ்சாலைகள். சங்கு ஊதினால் முதலியார்பேட்டைத் தெருக்கள் சைக்கிள்களால் நிறையும். 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அந்த ரத்தத்தின் விலையாகத்தான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) ஆலையும் 2020இல் மூடப்பட்டது. ஈடான வேலை இன்றுவரை வரவில்லை என்பதே பெரிய இழப்பு.

இப்போது சுற்றுலா, மருத்துவம், கல்வி, மதுவரி ஆகியவை முக்கிய வருவாய். ‘சொல்தா’ எனப்படும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியமும் வருகிறது.