ஈறு கசிந்தால் கல்லீரல் அறியும்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷை மாற்றுகிறோம், பேஸ்ட்டை மாற்றுகிறோம். பல் மருத்துவரிடம் போவது கடைசியில்தான். அதற்குள் சேதி கல்லீரல்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் இன்டர்லூகின்-6 போன்ற ரசாயனத் தூதர்கள் ரத்தத்தில் கிளம்புகின்றன. அவை வந்து சேர்ந்ததும் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்கிறது. டாக்டர்கள் சீட்டில் 'சி.ஆர்.பி.' என்று எழுதித் தருகிறார்களே, அதுதான். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

நிமோனியாவில் இந்தப் புரதம் நூறு மடங்குகூட எகிறும். நோய் தணிந்தால் சில நாட்களில் இறங்கிவிடும். ஈறு நோயில் கொஞ்சம்தான் ஏறும். ஆனால் வருடக்கணக்கில் இறங்காமலே நிற்கும். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

பல்லில் படியும் காரை ஈறை விலக்கி உள்ளே பை போன்ற பள்ளத்தை உண்டாக்குகிறது. 3 மில்லிமீட்டர்வரை பரவாயில்லை. 4, 5 என்று ஆழமானால் அதன் உட்சுவர் ஆறாத புண். மெல்லும்போதும் துலக்கும்போதும் கிருமிகள் அதன் வழியே ரத்தத்தில் கலக்கின்றன. வலி இருக்காது, அதனால்தான் பல் ஆடும்வரை விட்டுவிடுகிறோம். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடப் பெரிதாகத் தெரியாது.

லண்டனில் கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வேர்வரை தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் சி.ஆர்.பி. ஏறியது, ரத்தக் குழாய்கள் விரியும் திறனும் குறைந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்தன. ஆறு மாதத்திலும் அந்தப் பலன் நிலைத்தது.

இதை வைத்து, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு வராது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் அறிவித்தது. புகை, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவையும் இந்தப் புரதத்தை ஏற்றும். ஆகவே ஈறுக்காக ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். பல் மருத்துவர் சிறு கம்பியால் பள்ளத்தின் ஆழம் பார்த்தாலே போதும்.

க்ளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. காரை எடுத்தபின் தெரியும் இடைவெளி, நோய் ஏற்கெனவே அரித்த இடம். சர்க்கரை உள்ளவர்கள் தயங்கவே கூடாது. ஈறு ஆறினால் சர்க்கரையும் ஓரளவு கட்டுப்படும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். மென்மையாகத் துலக்குங்கள், இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.