பாழடைந்த விடுதிக்குள் போகுமுன்

டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் இருக்கும் எரிமலைத் தீவு ஹச்சிஜோஜிமா. 1963-இல் அங்கே ஒரு பிரம்மாண்டமான ஹோட்டல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு பரோக் பாணி முகப்பு, நீரூற்றுகள், கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்புப் பிரதிகள் என்று சகல ஆடம்பரங்களுடன் எழுந்த அதன் பெயர் ஹச்சிஜோ ராயல் ஹோட்டல். ஜப்பானியர் இன்பச் சுற்றுலாவாக வெளிநாடு செல்ல அப்போது அனுமதி இல்லை. அந்தத் தடை 1964 ஏப்ரலில்தான் விலகியது. ஆகவே இந்தத் தீவையே ‘ஜப்பானின் ஹவாய்’ என்று விளம்பரப்படுத்தினார்கள். பிற்பாடு யென்னின் மதிப்பு ஏறியது, விமானக் கட்டணம் இறங்கியது, மக்கள் அசல் ஹவாய்க்கே போகத் தொடங்கினார்கள். ஹோட்டல் பெயர் மாற்றிப் பார்த்தும் பயனில்லாமல் 2006-இல் மூடப்பட்டது.

இப்போது வேறு வகை விருந்தினர்கள் அதைத் தேடி வருகிறார்கள். ‘ஹைக்கியோ’ எனப்படும் பாழிடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பவர்கள். கொடி ஏறிய பால்கனி, பாசி படிந்த படிக்கட்டு, துரு வழிந்த சுவர் ஆகியவைதான் அந்தப் படங்களின் கவர்ச்சி. ஒரு பொறியாளர் அதே படத்தைப் பார்த்தால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிருக்கிறது, எந்த இடம் முதலில் விழும் என்பதைத்தான் குறித்துக்கொள்வார். படத்தில் அழகாகத் தெரிபவை அனைத்தும் கட்டடத்தின் நோய்க்குறிகள்.

கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மைதான் உள்ளேயுள்ள கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டு மூன்று மடங்காக உப்பி, மேலே மூடியிருக்கும் காரையை உள்ளிருந்தே பிளக்கும். கூரையடியில் கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், அடுத்து பெயர்ந்து விழப்போவது அந்தத் துண்டுதான். அதற்கு நிலநடுக்கம் வேண்டியதில்லை. வந்துவிட்டாலோ, நாட்டின் நிலநடுக்கக் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டது 1981-இல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்தக் கட்டடம் அதற்கு 18 ஆண்டுகள் மூத்தது.

தரை இன்னும் மோசமாக ஏமாற்றும். பழைய ஜப்பானிய விடுதி அறைகளில் தத்தாமி பாய்களுக்கு அடியில் மரச்சட்டமும் பலகையும் இருக்கும். கூரை ஒழுகினால் பாய் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் மரம் உளுத்துப் போகும். மேலே பார்த்தால் பாய் பாயாகவே இருக்கும். கால் வைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

நிலவறையில் வேறொரு ஆபத்து. பெரிய ஹோட்டல்களில் தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, பம்ப் குழி எல்லாம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். மூடிய இடத்தில் இரும்பு துருப்பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அழுகும் கழிவு ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். ஜப்பானியத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி ஆக்சிஜன் 18 சதவீதத்துக்குக் குறைந்தால் அது ஆபத்தான இடம். அளந்து பார்க்காமல் தொழிலாளர்களை உள்ளே இறக்கக் கூடாது. வெறும் டார்ச்சுடன் இறங்குபவருக்கு மூச்சுத் திணறலாகக்கூட எச்சரிக்கை வராது. மயக்கம்தான் வரும். தூக்கப் போகும் நண்பரும் அங்கேயே விழுவார்.

அடுத்தது கல்நார். ஜப்பானில் கல்நாரைத் தெளித்துப் பூசும் வேலைக்குக் கட்டுப்பாடு வந்தது 1975-இல். ஏறக்குறைய முழுத் தடை வந்தது 2006-இல், இந்த ஹோட்டல் மூடப்பட்ட அதே ஆண்டில். 1960-களின் கட்டடம் எதுவானாலும், சோதனை செய்யும் வரை அதில் கல்நார் உண்டு என்று எடுத்துக்கொள்வதே தொழில்முறை வழக்கம். உடைந்த கூரைப்பலகையை மிதித்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் எழும்பும். துணி முகக்கவசம் அவற்றைத் தடுக்காது; சட்டையில் ஒட்டி வீடுவரை வரும். அவற்றால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்.

வாசலைத் தாண்டாமல் புதருக்குள் சுற்றினாலும் கவனம் வேண்டும். ஹச்சிஜோஜிமாவை உள்ளடக்கிய இஸு தீவுகளில் ‘ஷிச்சிதோ காய்ச்சல்’ என்று நெடுங்காலமாக அறியப்பட்ட நோய் உண்டு. தமிழகத்திலும் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ்தான் அது. புதரிலுள்ள நுண்ணுண்ணிகள் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு தோன்றலாம். சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் கண்டால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளினைக் காலத்தில் கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அடிபட்டுவிட்டால் என்ன ஆகும்? தீவில் ஒரு சிறிய நகராட்சி மருத்துவமனை இருக்கிறது. கடுமையான காயம் என்றால் ஹெலிகாப்டரில் டோக்கியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். வானிலை கெட்டால் அதுவும் வராது. 2025 அக்டோபரில் ஒரு வாரத்துக்குள் இரண்டு சூறாவளிகள் இந்தத் தீவை உலுக்கின. ஆகவே அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்து வழி கண்டுபிடிப்பவர், இன்று இல்லாத ஒரு கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

சட்டமும் இளகாது. பூட்டு உடைந்திருப்பதை அனுமதியாக அது கருதாது. அத்துமீறி நுழைவதற்கு ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 130-ஆம் பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். ஆளில்லாத கட்டடத்தில் பதுங்கியிருப்பதே சிறுகுற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. கைதானால், குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே 23 நாள் வரை காவலில் வைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. விசாவும் திரும்பும் டிக்கெட்டும் அதுவரை காத்திருக்காது. சட்டமீறலின்போது நேரும் விபத்துக்குப் பயணக் காப்பீடு கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது.

பாழிடம்தான் பார்க்க வேண்டும் என்றால் முறையான வழிகள் உண்டு. நாகசாகியின் ஹஷிமா, 1974-இல் சுரங்கம் மூடி மக்கள் வெளியேறிய தீவு. 2009 முதல் படகில் போய் இறங்கிப் பார்க்கலாம். கோபேயில் மலைமேல் கைவிடப்பட்ட மாயா ஹோட்டல் 2021-இல் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தானது. வழிகாட்டியுடன் வெளியே நின்று காணலாம்.

ஹஷிமாவின் நடைமுறையைக் கவனியுங்கள். காற்று நொடிக்கு 5 மீட்டரையோ, அலை அரை மீட்டரையோ தாண்டினால் படகிலிருந்து இறங்கவே விடமாட்டார்கள். இறங்கினாலும் கம்பித் தடுப்புக்குள் போட்ட பாதையில்தான் நடக்க வேண்டும். குடியிருப்புகள் தள்ளி நிற்கும். அவற்றில் மிகப் பழையதான, 1916-இல் கட்டிய 30-ஆம் எண் கட்டடத்தின் ஒரு பகுதி 2020-இல் சரிந்தது. பாதை அங்கே போகாததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நிபுணர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்த கட்டடத்துக்கே அந்தத் தூரம் தேவைப்பட்டது. யாரும் ஆராயாத கட்டடத்தை, உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாதவர் பொதுச்சாலையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.