‘அப்ரூவ்டு பிளாட்’னா என்ன அர்த்தம்? திட்ட அலுவலர் மேஜையில் நடப்பதைப் பார்ப்போம்

எங்க சித்தப்பா 2011-ல் தாம்பரம் தாண்டி 1,200 சதுர அடி மனை ஒண்ணு வாங்கினார். புரோக்கர் சொன்னது ஒரே வார்த்தை: “பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்!” வரைபடத்தில் பச்சைக் கலரில் பூங்காவும் இருந்தது. வீடு கட்ட லோன் கேட்டப்போதான் வங்கியில் சொன்னாங்க, இது அங்கீகாரம் இல்லாத மனைன்னு. பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் இப்போ நாலு வீடு நிக்குது.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ, அதற்கு வெளியே டி.டி.சி.பி. இதுதான் கணக்கு. சரி, ஒரு புரமோட்டர் ஃபைலைக் கொடுத்தா, அங்கே இருக்கும் திட்ட அலுவலர் அதை என்ன செய்வார்? அவர் கேட்கும் கேள்விகளை நாமும் கேட்கத் தெரிஞ்சுக்கிட்டா, நம்ம பல லட்சம் ரூபாய் தப்பிக்கும்.

1. இந்த நிலம் எந்த மண்டலம்?

முதல்ல அவர் பிரிப்பது மாஸ்டர் பிளானை. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கு: குடியிருப்பு, தொழிற்சாலை, விவசாயம், திறந்தவெளி... விவசாய மண்டலத்தில் மனை போடணும்னா முதலில் நிலப் பயன்பாட்டை மாற்றணும். ‘மாத்திடலாம் சார்’ என்பது புரோக்கர் பேச்சு. மாற்றிய உத்தரவு கையில் இருக்கான்னு கேளுங்க.

2. மழை பெய்தா தண்ணி எங்கே போகும்?

இதுதான் புறநகரில் பெரிய கேள்வி. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மிதந்ததை மறந்திருக்க மாட்டோம். பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இருந்தா, வெள்ள அபாயம் பற்றி நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பாங்க. அந்தத் துறை சும்மா ‘ஓகே’ போடாது. இவ்வளவு உயரம் மண் நிரப்பணும், வாய்க்காலை அடைக்கக் கூடாதுன்னு நிபந்தனை போடும். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் படிங்க. எத்தனை அடி நிரப்பச் சொல்லியிருக்காங்களோ, அதுவே அந்த இடம் எவ்வளவு பள்ளம்னு சொல்லிடும்.

3. ரோடு எங்கே போய் முட்டுது?

பட்டா, தாய்ப்பத்திரம், புல வரைபடம் எல்லாம் வைத்து ஆபீஸில் பார்த்த பிறகு, இடத்தை நேரில் போய்ப் பார்ப்பாங்க. பொதுச் சாலையிலிருந்து வழி இருக்கா? அந்த வழி எத்தனை அடி அகலம்? பின்னால் இருக்கும் நிலத்துக்காரருக்குப் பாதை அடைபடுமா? இதையெல்லாம் பார்த்து, தேவைப்பட்டா ரோட்டை மாற்றி வரையச் சொல்வாங்க. அதனால்தான் முதல் பிரவுச்சரில் இருக்கும் வரைபடமும், கடைசியில் அனுமதி ஆகும் வரைபடமும் பல நேரம் வேற வேறயா இருக்கும். ‘அனுமதிக்கு விண்ணப்பிச்சாச்சு’ன்னு சொல்லும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. நீங்க புக் பண்ண மனையே ரோடா மாறலாம்.

4. பூங்கா எங்கே?

இங்கேதான் பணம் விளையாடுது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆகணும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர்.னு சொல்றாங்க. 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரைன்னா, நிலத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம்.

ஒரு கணக்கு போடுவோம். மூணு ஏக்கர்னா சுமார் 12,140 சதுர மீட்டர். ரோட்டுக்கு 30 சதவீதம் போச்சுன்னு வைங்க, மீதி சுமார் 8,500. அதில் 10 சதவீதம் 850 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 9,150 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய்னு வைத்தாலே 2.74 கோடி! ஏழு மனைக்கு மேல் போடக்கூடிய இடம். புரமோட்டருக்கு ஏன் கை அரிக்குதுன்னு இப்போ புரியுதா?

அதனால்தான் திட்ட அலுவலர் வெறும் பச்சைக் கலரை நம்ப மாட்டார். ரோடு, பூங்கா இரண்டையும் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகே இறுதி அனுமதி. நீங்களும் அந்தத் தானப் பத்திர நகலைக் கேளுங்க. பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டா அந்தப் பதிவு தெரியும். சித்தப்பா மனைப்பிரிவில் அப்படி ஒரு பத்திரமே எழுதப்படலை.

அவர் பார்க்காத ஒண்ணு

நிலம் யாருக்குச் சொந்தம்னு அவர் தீர்ப்பு சொல்வதில்லை. ஆவணங்களை வாங்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு இருந்தா, திட்ட அனுமதி உங்களைக் காப்பாத்தாது. அதற்கு வக்கீல் வைத்து லீகல் ஒப்பீனியன் வாங்கியே ஆகணும். சில ஆயிரம் செலவுதான், தயங்காதீங்க.

கடைசியா ஒரு செக்லிஸ்ட்:

- அனுமதி எண், அனுமதி பெற்ற வரைபடம்
- 500 சதுர மீட்டருக்கு மேல்னா, ரெரா பதிவு எண்
- ரோடு, பூங்காவுக்கான தானப் பத்திரம்
- ஏரி, வாய்க்கால் பக்கம்னா நீர்வளத்துறைக் கடிதம்
- வக்கீலின் லீகல் ஒப்பீனியன்

சித்தப்பா 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி மனையை முறைப்படுத்திட்டார். 20.10.2016-க்கு முன்னால் பதிவான மனை என்பதால் அது முடிஞ்சது. ஆனா பூங்கா திரும்பி வரலை. பேரப்பிள்ளைங்க இன்னும் ரோட்டில்தான் விளையாடுறாங்க.

நீங்க பார்த்து வைத்திருக்கும் மனைக்கு இதில் எத்தனை டிக் விழுதுன்னு கமெண்டில் சொல்லுங்க. வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிக்கணும்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.