வாய்தாவுக்கு மேல் வாய்தா!

சாட்சி வரவில்லை, வாய்தா! வக்கீல் வேறு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், வாய்தா! ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை, வாய்தா! கைதியை அழைத்துவரப் போலீஸ் காவல் இல்லை; அதற்கும் வாய்தா!

கிரிமினல் வழக்குகள் இழுபடுவது இப்படித்தான். ஒவ்வொரு காரணமும் சிறியதே. ஆனால் ஜாமீனுக்கு வழியற்ற ஏழைக்கு, வாய்தாவே தண்டனையாகிவிடுகிறது.

பீகார் சிறைகளில், குற்றம் ருசுவானால் கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் உண்டு. 1979-ல் ஹுசைனாரா காதூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அத்தகையோரை விடுவிக்க உத்தரவிட்டது. விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து தரும் உரிமை என்றது.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், கட்சிக்காரரின் சக்திக்கு மீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாக்களுக்கு மேல் கூடாது என்கிறது. ஏட்டிலுள்ள அந்த வரம்பு கோர்ட்டுப் படியேற வேண்டும்!