கொல்லையில் யார் கத்துகிறார்கள், எதற்காக?

ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கண்மாய்க் கரையில் ஒரு மனுசன் நடந்து போனால் போதும், எழும்பி வட்டமடித்துக்கொண்டு ஊரையே கூட்டிவிடும். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பெயர் வைத்தவர்கள் ஒன்றைத் தெளிவாகக் கவனித்திருக்கிறார்கள்: ஒரு உயிர் போடுகிற சத்தத்தில் இன்னொரு உயிரைப் பற்றிய தகவல் இருக்கிறது.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. "அணில் விடாம கத்துது, கீழ ஏதோ கெடக்கு, பாத்துப் போ" என்று என் அப்பத்தா சொல்லும். அதை யாரும் அறிவியல் என்று சொல்ல மாட்டார்கள். விறகு எடுக்கப் போகிறவர், மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போகிறவர் எல்லோரும் காதில் போட்டுக்கொள்கிற சாதாரண விஷயம். சில வருஷமாக இந்தச் சத்தங்களைக் கவனித்து நோட்டில் எழுதி வருகிறேன், கூடவே இதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளையும் தேடிப் படிக்கிறேன். இந்தச் சத்தங்கள் எப்படி வேலை செய்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று இங்கே தொகுத்துச் சொல்கிறேன். கடைசிக் கேள்வியில்தான் ஆளோட உயிர் இருக்கிறது, அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம்.

கோழிக்கு இரண்டு சத்தம்

மேய்கிற கோழிக் கூட்டத்தைக் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்க. வானத்தில் பருந்தோ வல்லூறோ தெரிந்தால் சேவல் இழுத்து ஒரு கீச்சொலி விடும். உடனே மற்றதெல்லாம் பதுங்கும், இல்லாவிட்டால் வேலிக்கடியில் ஓடும். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். அதுவே கீரியோ நாயோ தரையில் வந்தால் சத்தம் வேற. கொக் கொக் கொக் என்று வெட்டி வெட்டி, சத்தம் கூடிக்கொண்டே போகும். அப்போது கோழிகள் பதுங்காது. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும்.

இது வெறும் பயத்தின் அளவா, இல்லை "மேலே", "கீழே" என்று இரண்டு தனிச் சேதியா? கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். கூண்டுக்கு மேலே திரை வைத்து பருந்து பறப்பதுபோல் காட்டினால் சேவல் ஒரு சத்தம் போட்டது. தரை மட்டத்தில் ரக்கூன் படத்தைக் காட்டினால் மற்றச் சத்தம். பிறகு எந்த எதிரியும் இல்லாமல் பதிவு செய்த சத்தத்தை மட்டும் பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் சத்தத்துக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடின, பதுங்கின, மேலே பார்த்தன. இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்த்தன. பருந்தும் இல்லை, ரக்கூனும் இல்லை, சத்தத்திலேயே சேதி இருந்தது.

அதே குழு கண்ட இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சேவல் தனியாக இருக்கும்போது பருந்தைப் பார்த்தால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் அதிகம் கத்தும். ஆக, பயந்ததும் தானாக வெளியே வருகிற சத்தம் மட்டும் அல்ல இது. கேட்க ஆள் இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது.

ஒளிக்கிற சத்தம், கூப்பிடுகிற சத்தம்

சத்தங்கள் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதற்கு மார்லர் 1955இலேயே ஒரு விளக்கம் சொன்னார். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுக்கும் அது எட்டுகிற நேர வித்தியாசம், அளவு வித்தியாசம் இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். மெல்லிசாக ஆரம்பித்து மெல்லிசாக முடிகிற, ஒரே சுருதியில் இருக்கிற கீச்சொலியில் அந்தத் துப்பு குறைவு. வல்லூறைக் கண்ட சின்னப் பறவைகள் போடுவது இந்த வகை. கூட்டாளிக்குச் சேதி போய்ச் சேரும், ஆனால் சொன்னவன் எங்கே என்று வல்லூறுக்குச் சட்டென்று தெரியாது.

வெட்டி வெட்டி வருகிற கரகரப்பான சத்தம் நேர் எதிர். இடத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். பாம்பு, பூனை, ஆந்தை இவற்றைக் கண்டால் மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாம் போடுவது இதைத்தான். இங்கே நோக்கம் ஒளிவது இல்லை, ஆள் சேர்ப்பது. "இங்க இருக்கு, எல்லாரும் வாங்க" என்கிற மாதிரி. ஒளிந்திருந்து பிடிக்கிற பிராணிக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அந்த இடத்தில் வேலை இல்லை. பத்துக் குருவி சுற்றி நின்று கத்தினால் சாரைப்பாம்பு வேலி மாறிப் போய்விடும்.

அணிலும் இந்தச் சாதிதான். ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை ஒரு வெட்டு வெட்டும். நான் கவனித்த வரையில், அணிலின் மூக்கு காட்டுகிற திசையைப் பார்ப்பதுதான் உபயோகமான பழக்கம். தலைகீழாகத் தொங்கி, கீழே பார்த்துக் கத்தினால் தரையில் ஏதோ இருக்கிறது. கூடவே மைனாவும் தவிட்டுக்குருவியும் சேர்ந்து, எல்லாம் ஒரே புள்ளியைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பக்கம் கையை விடாதீர்கள்.

ஆனால் இரண்டு குறை உண்டு. அணில் பூனைக்கும் கத்தும், பாம்புக்கும் கத்தும், வல்லூறுக்கும் கத்தும். கீழே கிடப்பது எலி தேடி வந்த சாரையா, நல்லபாம்பா என்று அது சொல்லாது. இரண்டாவது, எதிரி போன பிறகும் ரொம்ப நேரம் கத்திக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்கும் இடத்தில் இப்போது பாம்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் முன்னால் இருந்திருக்கலாம், நகர்ந்து வைக்கோல் போருக்குள் போயிருக்கலாம்.

பொய் சொல்கிறவர்கள்

எச்சரிக்கையை நம்புகிற உலகத்தில் அதை வைத்துப் பிழைக்கிறவனும் இருப்பான். தென்னாப்பிரிக்காவின் கலகாரியில் உள்ள ஒரு கரிச்சான் இனம், மற்ற பறவைகளும் மீர்கட்டுகளும் இரை பிடித்த நேரம் பார்த்துப் பொய்யாக எச்சரிக்கைச் சத்தம் போடும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடும், இது எடுத்துக்கொள்ளும். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் வேறு வேறு இனங்களின் எச்சரிக்கைச் சத்தத்தை மாற்றி மாற்றிப் போடுகிறது என்று டாம் ஃப்ளவர் குழுவினர் 2014இல் காட்டினார்கள்.

நம் பக்கத்துக் காடுகளில் உள்ள துடுப்புவால் கரிச்சானும் மற்ற பறவைகளின் குரலைப் பேசும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் குடேலும் கொட்டகமவும் செய்த ஆய்வில், அது ஆபத்து நேரத்தில் மற்ற இனங்களின் ஆபத்துக் குரல்களையே தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது தெரிந்தது. வயல்காட்டில் மாட்டு முதுகில் உட்கார்ந்து வருகிற நம்ம கரிச்சானுக்கு வேறு பெருமை. தன் கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால் துரத்தித் துரத்திக் கொத்தும். அதனால் வேறு சில பறவைகள் அதன் கூட்டுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டிக்கொள்ளும்.

வீட்டு விலங்குகள்

நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குரைப்பின் வித்தியாசம் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆட்டை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆடு பயந்தால் மூக்கால் தும்முகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு முன்னங்காலைத் தரையில் தட்டும். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் மந்தையைச் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எதைப் பார்த்தது என்பதை அப்புறம்தான் தேடுவார்கள்.

ராத்திரிக்கு யார் காவல்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அணில், மைனா, தவிட்டுக்குருவி, கோழி எல்லாமே பகல் காவல்காரர்கள். பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குப் போய்விடும். ஆள்காட்டி ராத்திரியும் கத்தும், ஆனால் அது வயல்வெளியில். வீட்டுக்குள் வருவதை அது எங்கே பார்க்கப் போகிறது?

வீட்டுக்குள் வருவது கட்டுவிரியன். பகலில் பொந்துக்குள் கிடந்து ராத்திரி இரை தேடும். பல்லி, எலி, வேறு பாம்பு என்று தேடி வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் சின்னது. வலி அதிகம் இல்லை, வீக்கமும் இருக்காது. கடித்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். எங்கள் தெருவில் ஒருவர் விடியக்காலம் "வயிறு வலிக்குது" என்று எழுந்தார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண் இமை தானாக மூடிக்கொண்டே வந்ததைப் பார்த்த அவர் மனைவிதான் "இது வேற என்னமோ" என்று வண்டி பிடித்தார். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் வைத்திருந்தால் மூச்சு நின்றிருக்கும்.

2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலான சாவுகள் கிராமங்களில், வீட்டிலேயே நடந்தவை. நாலில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

விஷமுறிவு மருந்து நம்மிடம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரிய பங்கு, 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. மண்ணில் இருக்கிற தடத்தை வைத்துப் பாம்பைத் தேடிப் பிடிக்கிறவர்கள் அவர்கள். ஆனால் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ஆள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

அதனால் ராத்திரிக் காவலை நாமேதான் ஏற்க வேண்டும். முடிந்தால் கட்டிலில் படுங்கள். தரையோ கட்டிலோ, கொசுவலை கட்டி ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகுங்கள். நேபாளத் தராயில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து நன்றாகக் குறைந்திருந்தது. ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் வேண்டும். தானியமும் விறகும் படுக்கிற அறையில் வேண்டாம், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். விடிந்ததும் காரணமில்லாத வயிற்று வலி, இமை சொருகல், விழுங்கச் சிரமம் என்று யாராவது சொன்னால் கடித்தடம் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பகலில் அணில் கத்தினால் ஒரு நிமிஷம் நின்று அது எங்கே பார்க்கிறது என்று பாருங்க. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்க. அணில் தூங்கப் போன பிறகு டார்ச்சை எடுக்கவும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க.