பெண்களைக் காக்கும் கிருமி!

பாலைக் காய்ச்சி உறை ஊற்றுகிறோம். காலையில் தயிர் ஆகி விடுகிறது. இந்த வேலையைச் செய்வது யார்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்! பாலில் உள்ள சர்க்கரையை அவை புளிப்பாக மாற்றுகின்றன.

அந்தக் கிருமிகளின் உறவுக்காரர்கள் பெண்களின் உடம்பிலும் இருக்கின்றன. பிறப்பு உறுப்பின் உள்ளே, கருப்பையின் வாய் வரை, அவை குடி இருக்கின்றன. 1892-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டாக்டர் ஆல்பர்ட் டோடர்லைன் இவற்றைப் பற்றி எழுதினார். "லாக்டோபாசில்லஸ்" என்பது இவற்றின் பெயர்.

உறுப்பின் சுவரில் இருந்து வரும் சர்க்கரைச் சத்தைத் தின்று, இவை புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகள் பெருக முடியாது.

பொல்லாத வைரஸ்

கருப்பை வாயில் வரும் புற்றுநோய்க்குக் காரணம், "எச்.பி.வி." என்ற வைரஸ். இதில் பல வகை உண்டு. 16-ம் வகையைப் புற்றுநோய்க் கட்டியில் 1983-ல் கண்டு பிடித்தவர், ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசன். 2008-ல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஆண்-பெண் உறவால் இது பரவுகிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும். எப்பொழுது தொற்றியது என்று சொல்ல முடியாது. ஆகவே, வைரஸ் இருக்கிறது என்றதும் மனைவியின் நடத்தையைச் சந்தேகிப்பது மடமை!

10 பேரில் 9 பேருக்கு இது 2 ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்து விடும். மறையாமல் தங்கினால்தான் ஆபத்து. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் ஆகலாம்.

சிலருக்கு மட்டும் ஏன் தங்குகிறது? உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவது ஒரு காரணம். புகை பிடிப்பது இன்னொன்று. காவல் கிருமிகள் குறைந்த பெண்களிடம் இந்த வைரஸ் அதிகம் காணப்படுகிறது என்பதும் ஆராய்ச்சிகளில் தெரிந்து இருக்கிறது. காவல் குறைந்ததால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் காவல் குறைந்ததா? இதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்கிறார்கள்.

சோப்பு வேண்டாம்

சில பெண்கள், சுத்தம் என்று நினைத்து உறுப்பின் உள்ளே சோப்பும் மருந்துத் தண்ணீரும் விட்டுக் கழுவுகிறார்கள். இது கூடாது. காவல் கிருமிகளையும் அது விரட்டி விடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும்.

அப்படியானால் தயிரைத் தடவலாமா? கூடவே கூடாது. தயிர்க் கிருமி வேறு, இந்தக் கிருமி வேறு. தயிரைச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. அதனால் வைரஸ் ஓடி விடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

தடுப்பு ஊசி

காவல் கிருமிகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. எச்.பி.வி.க்கு 2006 முதல் தடுப்பு ஊசி இருக்கிறது. 9 வயது முதல் 14 வயது வரை உள்ள சிறுமிகளுக்குப் போடுவது மிகவும் நல்லது. "சின்னப் பெண்ணுக்கு இது எதற்கு?" என்று பாட்டிமார் கேட்கலாம். வைரஸ் வரும் முன் போட்டால்தான் முழுப் பலன்!

திண்டுக்கல்லில் நடந்தது

வயது வந்த பெண்களுக்குச் சோதனை வேண்டும். 2000-ம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களை நர்சுகள் சோதித்தார்கள். கருப்பை வாயில் வினிகர் போன்ற புளிப்புத் திரவத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பார்த்தார்கள். கெட்டுப் போன இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. மேல் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள்.

2007-ல் முடிவு வெளியாயிற்று. சோதனை நடந்த ஊர்களில், மற்ற ஊர்களைவிட, இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைந்து இருந்தது!

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனை செய்கிறார்கள். ஊசி போட்டுக் கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் சோதித்துக் கொள்ள வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, மாத விலக்கு நின்று போன பிறகு ரத்தம் பட்டாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.