வெப்பமும் பகலும் அளந்தறிவோம்

“இன்று வெப்பம் மிகுதி” என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். எவ்வளவு மிகுதி என்பதை அளந்தே அறிதல் வேண்டும்.

வெப்பமானியை வெயிலில் வைத்தல் கூடாது. வைத்தால், வெயில் அக்கருவியையே சூடாக்கிவிடும். காற்றின் வெப்பநிலை சரியாகத் தெரியாது. ஆகவே, காற்றோட்டமுள்ள நிழலில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 மீட்டர் உயரத்தில் அதனைத் தொங்கவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவைக் குறித்தல் வேண்டும்.

ஐந்து நாள்களின் நண்பகல் வெப்பநிலை 31, 32, 27, 33, 32 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். மூன்றாம் நாள் மழை பெய்தது. அந்நாளை மட்டும் கண்டவர் நம் ஊரைக் குளிர்ந்த ஊர் என எண்ணிவிடுவார். கூட்டுத்தொகையாகிய 155ஐ 5ஆல் வகுத்தால் சராசரி 31 பாகை. உண்மை நிலையை இதுவே நன்கு உணர்த்தும்.

கதிரவன் மறையும் நேரத்திலிருந்து தோன்றும் நேரத்தைக் கழித்தால் பகலின் நீளம் கிடைக்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டின் அருகில் உள்ளது. ஆதலின், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 நிமிடங்களே! இலண்டனிலோ, ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்திற்கு மேல் நீளும். டிசம்பரில் 8 மணி நேரத்திற்கும் குறையும்.

மாணவர்களே! ஒரு நாள் அளவை நம்பி முடிவு கூறாதீர். பன்னாள் அளந்து சராசரி கண்டு கூறுவீர். அதுவே அறிவியல் நெறி.